இடம் மாறும்போதெல்லாம் வைஃபை கோப்பைத் திருத்த வேண்டுமா?

வாசகர் ஒருவர் கேட்கிறார்: “என் மடிக்கணினியில் டெபியன் லினக்ஸ் இருக்கிறது. வீட்டில் ஒரு வைஃபை, அலுவலகத்தில் ஒன்று, வழியில் கைபேசி ஹாட்ஸ்பாட். அலுவலக வைஃபைக்கு மட்டும் கடவுச்சொல்லோடு பயனர்பெயரும் உண்டு. ஒவ்வோர் இடத்திலும் ஒரு கோப்பைத் திறந்து, பழைய வரிகளுக்கு முன்னால் ஹாஷ் குறி போட்டு, புதிய வரிகளில் அதை நீக்கிவிட்டு, கணினியை அணைத்துத் தொடங்குகிறேன். திரையின் மூலையில் உள்ள வைஃபை பட்டியல் ‘நிர்வகிக்கப்படவில்லை’ என்றே காட்டுகிறது. அலுவலகத்தில் இணைந்த பிறகும் பல நேரம் எந்தப் பக்கமும் திறப்பதில்லை. பழுதுபார்ப்பவர், லினக்ஸை அழித்து மறுபடி நிறுவ வேண்டும், வேறு வைஃபை அடாப்டரும் வாங்க வேண்டும் என்கிறார். வேறு வழி இல்லையா?”

இருக்கிறது. எதையும் அழிக்க வேண்டாம், எதையும் வாங்கவும் வேண்டாம். மூன்று இடங்களிலும் இணைகிற அடாப்டரில் என்ன கோளாறு இருக்க முடியும்? வேலை செய்கிற பொருளை மாற்றச் சொல்பவரிடம் மடிக்கணினியைக் கொடுக்காதீர்கள். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

உங்கள் தொல்லைக்கெல்லாம் வேர் நீங்கள் தினமும் திருத்தும் அந்தக் கோப்புதான். லினக்ஸில் வைஃபையைக் கவனித்துக்கொள்ள நெட்வொர்க்மேனேஜர் என்ற நிரல் இருக்கிறது. மூலையில் நீங்கள் பார்க்கும் பட்டியல் அதனுடையது. ரெட் ஹேட் நிறுவனம் 2004இல் தொடங்கிய நிரல் அது. மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு இடம் மாறுகிறவர்களின் தொல்லையைத் தீர்ப்பதே அதன் வேலை. ஆனால் டெபியனில் ஒரு விதி உண்டு. ஈடிசி கோப்புறைக்குள் நெட்வொர்க் என்ற கோப்புறையில் இன்டர்ஃபேசஸ் என்ற கோப்பு இருக்கிறது. அதில் உங்கள் வைஃபை கருவியின் பெயர் எழுதப்பட்டிருந்தால், அதை நெட்வொர்க்மேனேஜர் தொடாமல் ஒதுங்கிவிடும். ‘நிர்வகிக்கப்படவில்லை’ என்பதற்கு அதுதான் பொருள். பழுது என்று பொருள் இல்லை.

அந்தச் சொல்லைப் பார்த்துப் பயந்துபோய் எழுதியவர்கள் எத்தனை பேர்! ‘இன்ன கோப்பில் உள்ள வரியால் விலகி நிற்கிறேன்’ என்று நிரல் ஒரு வரி சொல்லியிருந்தால் யாருக்கும் ஆலோசனையே தேவைப்பட்டிருக்காது. மூலையில் உள்ள பட்டியலில் அந்த ஒரு வரி இல்லாததுதான் குறை.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். முதலில் அந்தக் கோப்புக்கு ஒரு நகல் எடுத்து வையுங்கள். பிறகு வைஃபை கருவியைப் பற்றிய வரிகள் அனைத்தையும் நீக்குங்கள். கருவியின் பெயர் பெரும்பாலும் டபிள்யூஎல் என்ற எழுத்துகளில் தொடங்கும். ‘லோ’ என்று வரும் வரிகளை மட்டும் தொடாதீர்கள். கணினி தனக்குத் தானே பேசிக்கொள்ள அது வேண்டும். சேமித்துவிட்டுக் கணினியை ஒருமுறை மறுபடி தொடங்குங்கள். மூலையில் உள்ள பட்டியலில் அக்கம்பக்கத்து வைஃபை பெயர்களெல்லாம் வரிசையாகத் தெரியும்.

வீட்டு வைஃபையைத் தேர்ந்தெடுத்துக் கடவுச்சொல்லைக் கொடுங்கள். அடுத்து ஹாட்ஸ்பாட். ஒவ்வொன்றுக்கும் நெட்வொர்க்மேனேஜர் தனித்தனி இணைப்புப் பதிவை உருவாக்கிக்கொள்ளும். அதன் பிறகு அந்த இடத்துக்குப் போனாலே தானாக இணையும். வரைகலைத் திரை இல்லாமல் முனையத்தில் மட்டும் வேலை செய்கிறவர்கள் என்எம்டியூஐ என்ற கட்டளையைத் தட்டினால் இதே பட்டியல் எழுத்து வடிவில் கிடைக்கும். லினக்ஸுக்குப் பதிலாக ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தை வைத்திருப்பவர்கள், வைஃபை கடவுச்சொல் பரிமாற்றத்தைக் கவனிக்கும் டபிள்யூபிஏ சப்ளிகன்ட் நிரலின் கோப்பில் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு பத்தி எழுதி வைத்தால் போதும். அதே வகையைச் சேர்ந்த ஓபன்பிஎஸ்டியில் 2018இல் வந்த 6.4 பதிப்பிலிருந்து ‘ஜாயின்’ வரிகளை அடுத்தடுத்து எழுதலாம். அருகில் இருப்பதை அதுவே தேடிக்கொள்ளும்.

இங்கே ஒரு பொறியைப் பற்றி எச்சரிக்க வேண்டும். இயங்கும் நிரல்களின் பட்டியலில் டபிள்யூபிஏ சப்ளிகன்ட் என்ற பெயரைப் பார்த்துவிட்டு, ‘இரண்டு நிரல்கள் மோதுகின்றன, இதை நிறுத்து’ என்று யாராவது சொல்வார்கள். நிறுத்திவிடாதீர்கள். கடவுச்சொல் பரிமாற்றத்தை நெட்வொர்க்மேனேஜருக்காகச் செய்து கொடுப்பதே அதுதான். உண்மையான மோதல், ஒரே கருவியை இரண்டு மேலாளர்கள் இழுக்கும்போதுதான் வரும். உங்கள் இன்டர்ஃபேசஸ் கோப்பைச் சரிசெய்தாயிற்று என்றால் அது உங்களுக்கு இல்லை.

அடுத்தது, இணைந்த பிறகும் பக்கம் திறக்காத சிக்கல். உங்கள் பழைய கோப்பில் வீட்டுக்காக நிலையான ஐபி முகவரி எழுதியிருந்தீர்களா என்று அந்த நகலில் பாருங்கள். வீட்டு முகவரியோடு அலுவலகத்தில் நுழைந்தால் அங்குள்ள ரவுட்டருக்கு அது அந்நியம். நிலையான முகவரி தேவையென்றால், வீட்டு இணைப்புப் பதிவுக்குள் மட்டும் எழுதுங்கள். மற்ற இரண்டும் தானியங்கியாகவே இருக்கட்டும். இடத்தோடு மாறுகிற எதையும் கணினிக்குப் பொதுவாக எழுதி வைக்காதீர்கள். அந்தந்த இடத்தின் பதிவுக்குள் எழுதுங்கள்.

முகவரி சரியாக இருந்தால் சந்தேகம் ரிசால்வ் கோப்பின் மேல் விழும். இணையப் பெயர்களை முகவரிகளாக மாற்றித் தரும் டிஎன்எஸ் வழங்கியின் விவரம் அதில்தான் இருக்கிறது. ‘இந்தக் கோப்பு தானாக மாறிக்கொண்டே இருக்கிறது, சாட்டர் கட்டளையால் பூட்டிவிடுங்கள்’ என்ற ஆலோசனை கைமாறிக் கைமாறிச் சுற்றுகிறது. இடம் மாறினால் அது மாறத்தான் வேண்டும்! பூட்டிவிட்டால், அலுவலகத்தின் உள் இணையதளங்களின் பெயர் வெளியில் இருக்கும் வழங்கிக்குத் தெரியாது, எனவே திறக்காது. முதலில் ஒரு நுழைவுப் பக்கத்தைக் காட்டி ஒப்புதல் கேட்கிற பொது வைஃபைகளிலும் அந்தப் பக்கமே வராமல் போகலாம். எப்போதோ அப்படிப் பூட்டிய நினைவு இருந்தால் அதே கட்டளையில் கழித்தல் குறியோடு ஐ எழுத்தைக் கொடுத்துப் பூட்டை எடுங்கள்.

இப்போது பழுதுபார்ப்பவர். அழித்து மறுபடி நிறுவினால் உங்கள் சிக்கல் ஒருவேளை தீர்ந்தும் போகும், ஏனென்றால் அந்தக் கோப்பு புதிதாக எழுதப்படும். நான்கு வரிகளை நீக்குவதற்குப் பதிலாக உங்கள் கோப்புகள், அமைப்புகள் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, அதற்குக் கூலியும் கேட்பார். இதைவிட என்னைக் கவலைப்பட வைப்பது வேறொன்று. உங்கள் வைஃபை கடவுச்சொற்கள் பெரும்பாலும் நெட்வொர்க்மேனேஜரின் கோப்புறையில் அப்படியே படிக்கக்கூடிய எழுத்துகளில் இருக்கும். நிர்வாகி உரிமை உள்ளவர் மட்டுமே திறக்க முடியும் என்பது உண்மை. ஆனால் வட்டு குறியாக்கம் செய்யப்படாத மடிக்கணினியை ஒருவர் கையில் கொடுத்தால், வேறொரு யுஎஸ்பியிலிருந்து தொடங்கி அவர் எல்லாவற்றையும் படிக்கலாம். உங்கள் அலுவலகப் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் அதில் அடக்கம்.

அடாப்டர் விற்பவர்களும் இதே ரகம். பெட்டியின் மேல் ‘லினக்ஸில் இயங்கும்’ என்று அச்சிடுவது எளிது. ஒரே மாடல் பெயரில், பதிப்பு எண் மட்டும் மாறி, உள்ளே வேறு சிப் வைத்து விற்கிறார்கள். கருவியை இயக்கும் ஓட்டுநிரல் (டிரைவர்) சிப்புக்குத்தான் வேண்டும், பெட்டியின் பெயருக்கு இல்லை. பிறகு அந்த ஓட்டுநிரலைத் தேடி, யாரோ எழுதிய ‘ஒரே கட்டளையில் சரிசெய்யும்’ நிரலை நிர்வாகி உரிமையோடு ஓட்டுவீர்கள். அதற்குள் என்ன இருக்கிறது என்று யார் பார்த்தார்கள்?

அலுவலக வைஃபையை மட்டும் விலக்காக வைத்து, கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். அதை நீங்கள் முதன்முதலில் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும்போது ஒரு படிவம் திறக்கும். அதில் சான்றிதழ் என்று ஒரு கட்டம். பக்கத்தில் ‘சான்றிதழ் தேவையில்லை’ என்று ஒரு சிறிய பெட்டி. அதில் குறியிட்டால் உடனே இணைந்துவிடும், எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். நான் பணியாற்றிய ஓர் அலுவலகத்தில், புதிதாகச் சேர்பவர்களுக்குக் கொடுக்கும் வழிகாட்டித் தாளே அந்தப் பெட்டியில் குறியிடச் சொன்னது. தாளைத் திருத்துங்கள் என்று பலமுறை எழுதினேன், நான் விலகும்வரை அதே தாள்தான்.

ஏன் இவ்வளவு வருத்தம்? வைஃபைக்குப் பெயரை யார் வேண்டுமானாலும் வைக்கலாம். உங்கள் அலுவலகத்தின் பெயரிலேயே ஒருவன் வாசலில் ஒரு கருவியை வைத்தால், உங்கள் மடிக்கணினிக்கு வேறுபாடு தெரியாது. வீட்டு வைஃபையில் கடவுச்சொல் தெரியாத போலியோடு இணைப்பு முடிவடையாது. அலுவலக முறையில் எதிரில் இருப்பது அசலா போலியா என்று சொல்வது அந்தச் சான்றிதழ் ஒன்றுதான். அதைக் கேட்க வேண்டாம் என்று சொல்லிவிட்டால், மடிக்கணினி உங்கள் பயனர்பெயரையும் கடவுச்சொல்லைக் கொண்டு கணக்கிட்ட விடையையும் போலிக் கருவியிடமே ஒப்படைக்கும். கடவுச்சொல்லைச் சரிபார்க்க மிகப் பரவலாகப் பயன்படும் எம்எஸ்சாப் என்ற முறையின் இரண்டாம் பதிப்பில், அந்த விடையிலிருந்து உள்நுழையத் தேவையானதை மீட்க முடியும் என்று 2012இலேயே செய்து காட்டிவிட்டார்கள். பிஏபி என்ற இன்னொரு முறை என்றால் உடைக்கும் வேலையும் இல்லை, கடவுச்சொல் நேராகப் போய்ச் சேரும். அதே கடவுச்சொல்தான் உங்கள் அலுவலக மின்னஞ்சலுக்கும் என்றால் இழப்பு வைஃபையோடு நிற்காது.

எனவே அலுவலகத்தின் வலையமைப்புப் பிரிவிடம் இரண்டைக் கேளுங்கள்: சான்றிதழ் கோப்பு, அதில் உள்ள வழங்கியின் டொமைன் பெயர். இரண்டையும் படிவத்தில் நிரப்புங்கள். டொமைன் பெயரை விட்டுவிடாதீர்கள். பொதுச் சான்றிதழ் நிறுவனம் ஒன்றைத்தான் உங்கள் அலுவலகமும் பயன்படுத்துகிறது என்றால், அதே நிறுவனத்திடம் போலிக்காரனும் தன் டொமைனுக்கு ஒரு சான்றிதழ் வாங்கியிருக்கலாம். ‘லினக்ஸுக்கு நாங்கள் உதவுவதில்லை’ என்று பதில் வரக்கூடும். நீங்கள் கேட்பது லினக்ஸ் உதவி அல்ல. விண்டோஸுக்கும் கைபேசிக்கும் அவர்கள் கொடுத்தே ஆக வேண்டிய அதே கோப்பு. எழுத்தில் கேளுங்கள், விடாதீர்கள்.

கடைசியாக, எதை முதலில் பிடிக்க வேண்டும் என்ற முன்னுரிமை. ஒவ்வோர் இணைப்புப் பதிவுக்கும் கழித்தல் 999 முதல் 999 வரை ஓர் எண் கொடுக்கலாம். எதுவும் கொடுக்காவிட்டால் பூஜ்யம். பெரிய எண்ணே வெல்லும். வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் 10, ஹாட்ஸ்பாட்டுக்கு கழித்தல் 10 என்று வையுங்கள். சில டெஸ்க்டாப்புகளின் அமைப்புத் திரையில் இந்தக் கட்டமே இருக்காது. நெட்வொர்க்மேனேஜரின் தனி இணைப்புத் திருத்தியைத் திறந்தால் பொதுப் பகுதியில் இருக்கும். ஹாட்ஸ்பாட்டை அளவுள்ள இணைப்பு என்றும் குறித்துவிடுங்கள், பின்னணியில் இறங்கும் புதுப்பிப்புகள் உங்கள் டேட்டாவைத் தின்னாமல் இருக்க அது உதவும்.

ஆனால் இந்த எண், புதிதாக இணையும் நேரத்தில் மட்டுமே பார்க்கப்படும். ஹாட்ஸ்பாட்டில் இணைந்தபடி அலுவலகத்துக்குள் நுழைந்தால், அலுவலகத்தின் எண் பெரியது என்பதற்காக மடிக்கணினி தாவாது. இருக்கும் இணைப்பையே பிடித்துக்கொண்டிருக்கும். அமைப்பு வேலை செய்யவில்லை என்று நினைத்து மறுபடி அந்தப் பழைய கோப்பைத் திறந்துவிடாதீர்கள். கைபேசியில் ஹாட்ஸ்பாட்டை அணையுங்கள். சற்று நேரத்தில் அலுவலக வைஃபை தானாக வந்து சேரும்.