பன்னெண்டரை மணிச் சங்கும் பசியும்: கேள்வி பதில்

பசியைப் பற்றியும் அதை நடத்துகிற ஹார்மோன்களைப் பற்றியும் கேளுங்கள் என்று போன ஞாயிற்றுக்கிழமை சொன்னேன். இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. மருத்துவக் கல்லூரியில் 26 வருடம் உடலியங்கியல் பாடம் எடுத்தவள் நான். நோயாளிகளைப் பார்க்கிற டாக்டர் அல்ல, அதனால் மருந்தின் அளவை என்னிடம் கேட்காதீர்கள்.

தொடங்கும் முன்பே ஒரு எச்சரிக்கை. சர்க்கரைக்கு இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள், இங்கே படித்ததை நம்பி ஒரு வேளைச் சாப்பாட்டைக்கூடத் தள்ளிப்போடக் கூடாது. சர்க்கரை திடீரென்று இறங்கினால் மயக்கம், வலிப்பு வரைக்கும் போகும். இதை இன்னும் இரண்டு மூன்று முறை சொல்வேன்.

சிங்காநல்லூர்: ஏனுங்க மேடம், மத்தியானம் சரியா ஒரு மணிக்குப் பசி பிடுங்குது. வேலை மும்முரத்துல ஒரு மணி நேரம் தாண்டிட்டா பசியே காணாமப் போயிருது. அது எங்கேங்க போகுது?

எங்கள் அப்பா கோயமுத்தூரில் ஒரு மில்லில் ஸ்பின்னிங்கில் இருந்தார். பன்னெண்டரைக்குச் சங்கு ஊதினால் தூக்குப்போசியைத் திறப்பார். மில்லை மூடிய பிறகு சங்கும் நின்றுபோனது. ஆனாலும் திண்ணையில் உட்கார்ந்திருக்கிற மனுசர், கடிகாரத்தைப் பார்க்காமலே, அதே பன்னெண்டரைக்கு எழுந்து அடுப்படிப் பக்கம் வருவார். "சங்கு ஊதிருச்சா?" என்று அம்மா கேட்பார். மாதக்கணக்கில் இது நடந்தது.

அப்பாவின் வயிற்றுக்குள் ஊதிய அந்தச் சங்குக்கு கிரெலின் என்று பெயர். இரைப்பையின் மேல்பகுதியில் அதிகமாகச் சுரக்கிறது. 1999-ல் ஜப்பானில் கோஜிமா, கங்காவா என்ற இரண்டு விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். நாம் வழக்கமாகச் சாப்பிடுகிற நேரத்தை உடம்பு பழகி வைத்துக்கொள்கிறது. அந்த நேரத்துக்குச் சற்று முன்பு ரத்தத்தில் கிரெலின் ஏறும். சாப்பிட்டால் இறங்கும். சாப்பிடாமலே விட்டாலும் கொஞ்ச நேரத்தில் தானாக இறங்கி, அடுத்த வேளைக்கு மறுபடி ஏறும். நீங்கள் கவனித்தது இதைத்தான்.

மூளையின் அடியில் ஹைப்போதலாமஸ் என்று ஒரு சின்னப் பகுதி இருக்கிறது. அதில் இரண்டு வகை நரம்புச் செல்கள் எதிரெதிராக வேலை செய்கின்றன. ஏ.ஜி.ஆர்.பி. செல்கள் தூண்டப்பட்டால் சாப்பாட்டைத் தேட வைக்கும். பி.ஓ.எம்.சி. செல்கள் 'போதும்' என்று சொல்லும். கிரெலின் முதல் கூட்டத்தை உசுப்பிவிடுகிறது. எலிகளில் அளந்து பார்த்தபோது ஓர் அதிசயம் தெரிந்தது: பசித்த எலி தீனியைக் கண்டதுமே, வாய் வைப்பதற்கு முன்பே, அந்த ஏ.ஜி.ஆர்.பி. செல்கள் சில நொடிகளில் அடங்கிவிடுகின்றன. வரப்போகிற சோற்றை மூளை முன்கூட்டியே கணக்கில் எழுதிக்கொள்கிறது.

வயிறு கடமுடா என்பது வேறு விஷயம். காலியாக இருக்கும் இரைப்பையையும் குடலையும் சுத்தம் செய்ய, சுமார் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஓர் அலை ஓடும். அந்தச் சத்தம் கேட்டாலே சாப்பிட்டாக வேண்டும் என்று இல்லை.

திருப்பூர்: பனியன் கம்பெனியில நைட் ஷிப்ட். காலையில வரும்போது பேக்கரியைத் தாண்ட முடியலைங்க. தேங்காய் பன், பப்ஸ், டீ. வீட்டுல "உனக்கு வாய் கட்டுப்பாடே இல்லை"ங்கறாங்க.

வீட்டில் இருப்பவர்களுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். 2004-ல் சிகாகோவில் 12 ஆரோக்கியமான இளைஞர்களை இரண்டு இரவு நான்கு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டுப் பார்த்தார்கள். இரண்டு இரவு பத்து மணி நேரம் படுக்கவிட்டதோடு ஒப்பிட்டால், 'போதும்' என்று சொல்கிற லெப்டின் 18 சதவீதம் குறைவு, கிரெலின் 28 சதவீதம் அதிகம். அவர்கள் அதிகம் கேட்டதும் இனிப்பு, உப்புத் தின்பண்டம், மாவுப் பொருள்தான். இரண்டே இரவுக்கு இப்படியென்றால், வருடக்கணக்கில் ராத்திரி முழிக்கிற தம்பி உங்கள் உடம்பு பேக்கரி வாசலில் நிற்பதில் என்ன அதிசயம்?

ஷிப்ட் முடிவதற்கு ஒரு மணி நேரம் முன்பு, கையோடு கொண்டுபோன அவித்த நிலக்கடலையோ பச்சைப்பயறோ சாப்பிட்டுவிடுங்கள். பேக்கரியைத் தாண்டும்போது ஏற்கனவே வயிற்றில் ஏதாவது இருக்கட்டும். வீட்டுக்கு வந்தால் ஜன்னலுக்குக் கெட்டியான துணி போட்டு, இருட்டில் தூங்குங்கள்.

கோபி: கொள்ளு சாப்பிட்டா உடம்பு குறையும்னு நம்ம பக்கம் சொல்றாங்களே, உண்மையா?

'கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்கிற பழமொழியில் பாதி உண்மை இருக்கிறது. கொள்ளில் புரதமும் நார்ச்சத்தும் நிறைய. இரண்டும் மெதுவாகச் செரிக்கும். குடலின் கீழ்ப்பகுதிவரை போய், பி.ஒய்.ஒய்., ஜி.எல்.பி.-1 போன்ற 'போதும்' ஹார்மோன்களைச் சுரக்க வைக்கும். அதனால் அடுத்த வேளை குறைவாகச் சாப்பிடுவீர்கள். கொழுப்பைக் கரைக்கிற மருந்து எதுவும் அதில் கிடையாது. கடைந்த கொள்ளை ஒரு குவியல் சோற்றில் பிசைந்தால், சோற்றின் கணக்குதான் நிற்கும்.

அவிநாசி: வெறும் வயித்துல கொள்ளு ரசம்?

கோபிக்காரருக்குச் சொன்னதைப் பாருங்கள். ரசத்தில் கொள்ளின் தண்ணீர்தான் இருக்கிறது, கொள்ளு இல்லை.

சத்தியமங்கலம்: கொள்ளுத் தூள் ஒரு ஸ்பூன் வெந்நீர்ல…

மூன்றாவது கொள்ளு. மேலே படியுங்கள்.

பெருந்துறை: டயட்ல இருந்து 11 கிலோ குறைச்சேன். ஒரு வருசம் ஆச்சு. இப்ப முன்னைவிடப் பசிக்குது, பாதி எடை திரும்பிருச்சு. என் மனசுல உறுதி இல்லையாங்க மேடம்?

உறுதி இல்லாதவர் 11 கிலோ குறைத்திருக்க மாட்டார். ஆஸ்திரேலியாவில் நடந்து 2011-ல் வெளியான ஓர் ஆய்வில், 50 பேரைப் பத்து வாரம் கடுமையான உணவுக் கட்டுப்பாட்டில் வைத்தார்கள். எடை குறைந்தது, லெப்டின் இறங்கியது, கிரெலின் ஏறியது. ஒரு வருடம் கழித்து அளந்தபோதும் அந்த மாற்றங்கள் சரியாகவில்லை. உடம்பு இன்னும் பஞ்ச காலம் என்றே நினைத்துக்கொண்டிருந்தது. பசி உங்கள் குணத்தின் குறை அல்ல என்று 26 வருடம் வகுப்பில் சொன்னேன், இங்கேயும் சொல்கிறேன். இனி வேகமாகக் குறைக்காதீர்கள். இருக்கிற எடையை ஆறு மாதம் ஏறாமல் நிறுத்திவைப்பதே பெரிய வேலை. அதை ஒரு டயட்டீஷியனோடு சேர்ந்து செய்யுங்கள்.

தாராபுரம்: என் பையனுக்கு 6 வயசு. சாப்பிட்டு முடிச்ச பத்தே நிமிசத்துல மறுபடி கேக்கறான். ராத்திரி எந்திரிச்சுப் போய்ப் போசி மூடியைத் திறக்கறான். ஒரம்பரை வந்தா "நீ செல்லம் குடுத்துக் கெடுத்துட்டே"ங்கறாங்க. அழுகையா வருது.

அழாதே கண்ணு. உனக்கு நான் நிதானமாகப் பதில் சொல்கிறேன்.

அமெரிக்காவில் ஒரு ஆய்வுக்கூடத்தில் நிறுத்தாமல் தின்று பருத்த எலிகள் இருந்தன. அவற்றோடு சாதாரண எலியின் ரத்த ஓட்டத்தை இணைத்துப் பார்த்தார் டக்ளஸ் கோல்மன். குண்டு எலி தின்பதைக் குறைத்து இளைத்தது. 'போதும்' என்ற செய்தி ரத்தத்தில்தான் போகிறது, இந்த எலிக்கு அது சுரக்கவில்லை என்று புரிந்தது. 1994-ல் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு அந்தச் செய்திக்கான மரபணுவைக் கண்டுபிடித்தது. அதுதான் லெப்டின். கொழுப்புச் செல்களே சுரக்கிற ஹார்மோன்.

1997-ல் இங்கிலாந்தில் அதே குறையோடு இரண்டு குழந்தைகளைக் கண்டுபிடித்தார்கள். சொந்தக்காரப் பிள்ளைகள். எட்டு வயதுப் பெண் 86 கிலோ, இரண்டு வயதுப் பையன் 29 கிலோ. அந்தப் பெற்றோரையும் ஊர் திட்டித்தான் இருக்கும். லெப்டின் ஊசி போட்டதும் அந்தப் பெண்ணின் பசி மற்றக் குழந்தைகளின் பசி போலாகிவிட்டது.

இது மிக மிக அபூர்வம். பசியோடு இருக்கிற பெரும்பாலான பிள்ளைகள் வளர்கிற பிள்ளைகள்தான். ஆனால் எனக்கு நீ இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். அவன் பிறந்தபோது உடம்பு துவண்டு இருந்தானா? பால் உறிஞ்சச் சிரமப்பட்டானா? பதில் எழுது, காத்திருக்கிறேன்.

ஈரோடு: எடை குறைக்கிற ஊசி பத்திச் சொல்லுங்க. என் மச்சான் மெடிக்கல்ல சீட்டு இல்லாமயே வாங்கித் தர்றேங்கறான்.

வாங்காதீர்கள். அந்த ஊசி ஜி.எல்.பி.-1 போல வேலை செய்வது. ஜி.எல்.பி.-1 நம் குடலிலேயே சுரப்பது. ஆனால் இரண்டு நிமிடத்துக்குள் பாதி சிதைந்துவிடும். அமெரிக்கப் பாலைவனத்தில் வாழும் கிலா மான்ஸ்டர் என்ற விஷப் பல்லியின் நஞ்சில், அதைப் போன்றே வேலை செய்து சீக்கிரம் சிதையாத ஒரு பொருள் கிடைத்தது. அதிலிருந்து வந்த முதல் மருந்து 2005-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இப்போது பேசப்படும் செமாகுளுடைடு வாரம் ஒரு ஊசி. இரைப்பை காலியாவதை மெதுவாக்கும், மூளையில் பசியை அடக்கும். நல்ல மருந்துதான், தேவைப்படுகிறவர்களுக்கு. நிறுத்தினால் என்ன ஆகும் என்றும் பார்த்திருக்கிறார்கள்: ஒரு வருடத்தில், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. குடும்பத்தில் மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்தவர்களுக்கு இது கூடாது. கணையம் வீங்கியவர்களுக்கும் யோசித்தே தர வேண்டும். ஏற்கனவே இன்சுலினோ கிளிமிபிரைடோ எடுப்பவர் இதையும் சேர்த்துக்கொண்டால் சர்க்கரை ஆபத்தாக இறங்கலாம். இதையெல்லாம் மச்சான் பார்ப்பாரா?

உடுமலை: லெப்டின், கிரெலின் டெஸ்ட் எடுக்கலாமா?

வேண்டாம். மருத்துவர் காரணம் சொல்லி எழுதினால் ஒழிய, காசு வீண்.

சூலூர்: பிராய்லர் கோழிக்கு ஹார்மோன் ஊசி போடறாங்க. அதைத் தின்னுதான் நம்ம பிள்ளைகளுக்குப் பசி அடங்காம உடம்பு போடுது. ஏன் யாரும் பேச மாட்டேங்கறீங்க?

நான் பேசுகிறேன். வளர்ச்சி ஹார்மோன் ஒரு புரதம். வாயில் போனால் முட்டை செரிப்பது போலச் செரித்துவிடும். இன்சுலினை மாத்திரையாகத் தராமல் ஊசியாகப் போடுவதும் இதனால்தான். கோழிக்கு அது வேலை செய்ய வேண்டுமென்றால் ஒவ்வொன்றையும் பிடித்துத் திரும்பத் திரும்பக் குத்த வேண்டும்.

பல்லடம்: மேடம், நான் 15 வருசமா பண்ணை வெச்சிருக்கேன். ஒரு பேட்ச்சுக்கு 6,000 குஞ்சு. தினம் குத்தறதுக்கு எங்க ஆளு? வெள்ளைக்கழிச்சலுக்குக் கண்ணுல சொட்டு விடறது, தண்ணியில தடுப்பு மருந்து கலக்கறது. இதைப் பார்த்துட்டுத்தான் ஊசிங்கறாங்க.

சூலூர்: அப்ப 40 நாள்ல ரெண்டு கிலோ எப்படிங்க வருது? அமெரிக்காவுலயே கோழிக்கு ஹார்மோன் வெச்சாங்கன்னு படிச்சேன்.

நல்ல கேள்வி, நீங்கள் படித்ததும் பொய் இல்லை. டை-எத்தில்-ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜனைச் சேவல் கழுத்துத் தோலுக்குள் வைத்தார்கள். அது வாயில் போனாலும் சிதையாது, அதனால் ஆபத்து. 1959-ல் அங்கே கோழிக்கு அதை நிறுத்திவிட்டார்கள்.

40 நாளில் ரெண்டு கிலோ எப்படி என்பதற்கு கனடாவில் அழகான சோதனை நடந்தது. 1957-ன் ரகத்தையும் 1978-ன் ரகத்தையும் அழியாமல் காத்து, 2005-ன் ரகத்தோடு சேர்த்து ஒரே தீவனம் போட்டு வளர்த்தார்கள். 56-ஆம் நாள் எடை 905 கிராம், 1,808 கிராம், 4,202 கிராம். தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்ததன் பலன். அப்படிப் பொறுக்கியதில் பசியையும் சேர்த்துப் பொறுக்கிவிட்டார்கள். பல்லடத்துக்காரரே, பேரண்ட் பண்ணையில், அதாவது குஞ்சு பொரிக்க முட்டை வைக்கும் தாய்க்கோழிப் பண்ணையில், தீவனத்தை அளந்து போடுவது ஏன் என்று சொல்லுங்கள்.

பல்லடம்: விட்டா தின்னுட்டே இருக்குங்க. கால் தாங்காது, முட்டையும் சரியா வைக்காது. அளவுச் சாப்பாடுதான். தீனி போடற நேரம் அந்தச் சத்தத்தைக் கேட்டா மனசு என்னமோ பண்ணும்.

அந்தச் சத்தத்தை நானும் கேட்டிருக்கிறேன். 'போதும்' என்பதை மனிதன் பொறுக்கி விலக்கிவிட்ட ஒரு பறவை அது. ஆனால் அந்தப் பசி அதன் மரபணுவில் இருக்கிறது. குழம்பு வழியாக நம் பிள்ளைக்கு வராது. கோழியின் பசி நம் பசி போலவும் இல்லை: குஞ்சின் மூளையில் கிரெலினைச் செலுத்தினால் தின்பதைக் குறைக்கிறது.

நாமக்கல்: அப்ப பயமே வேண்டாமா?

ஆன்டிபயாடிக் பற்றிப் பயப்படுங்கள். அது உண்மையான பிரச்சினை. கோலிஸ்டின் என்ற கடைசிக் கட்ட மருந்தை உணவுக்கு வளர்க்கும் கால்நடை, கோழிகளுக்குத் தரக் கூடாது என்று 2019-ல் நம் அரசு தடை போட்டது. சூலூர்க்காரரின் கோபம் அந்தப் பக்கம் திரும்பினால் ஊருக்கு நல்லது.

கோழி பற்றி இன்னும் 14 கேள்வி வந்திருக்கிறது. இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

பவானி: அப்புச்சிக்கு 82. நாலு வாய்க்கு மேல போதும்ங்கறார்.

வயதானால் சீக்கிரம் வயிறு நிறைந்த உணர்வு வரும், வாசனையும் குறையும். சின்னச் சின்னதாக ஐந்து வேளை கொடுங்கள். களியில் நெய், கூழில் மோர். ஆனால் ஆறு மாதத்தில் வேட்டி இடுப்பில் நிற்காத அளவு இளைத்திருந்தால் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும். பல், மாத்திரைகள், மனச்சோர்வு, கட்டி என்று எதுவும் காரணமாக இருக்கலாம்.

காங்கேயம்: 16 மணி நேரம் பட்டினி இருக்கேன். சுகர் மாத்திரை பேரு தெரியலை.

மாத்திரையின் பேர் தெரிகிறவரை பட்டினியை இன்றே நிறுத்துங்கள், மாத்திரையை அல்ல. தொடக்கத்தில் சொன்ன எச்சரிக்கையை மறுபடி படியுங்கள்.

அந்தியூர்: கொள்ளு…

கோபி.

தாராபுரம்: மேடம், நீங்க கேட்டது சரிங்க. பிறந்தப்ப துணி மாதிரி துவண்டு கிடந்தான். பாலை உறிஞ்சவே மாட்டான், மூக்குல குழாய் வெச்சாங்க. இதையும் பசியையும் சேர்த்து இதுவரைக்கும் யாருமே கேக்கலை.

அப்படியென்றால் தள்ளிப்போடாதே கண்ணு, இந்த வாரமே போ. குழந்தைகளுக்கான ஹார்மோன் டாக்டர் கோவையில் கிடைப்பார். பிராடர்-வில்லி என்ற நிலை இருக்கிறதா என்று பார்க்கச் சொல். மரபணுவுக்கான ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். பிறப்பில் துவளும் குழந்தைக்குச் சில வருடங்களில் அடங்காத பசி வருவது அதன் அடையாளம். இல்லை என்று வந்தால் நிம்மதி. இருந்தாலும் இந்த வயதில் தெரிவது நல்லது, வளர்ச்சி ஹார்மோன் சிகிச்சை இருக்கிறது.

பிறந்த ஆஸ்பத்திரியின் டிஸ்சார்ஜ் சீட்டு, தடுப்பூசி அட்டை, ஒவ்வொரு வயதிலும் எழுதிய எடை எல்லாவற்றையும் எடுத்துப் போ. அதுவரை போசிகளைக் கண்ணில் படாமல் வை. சாப்பாட்டு நேரத்தை அவனிடம் முன்கூட்டியே சொல், சொன்ன நேரத்துக்குப் போடு. ராத்திரி எழுந்தால் திட்டாதே. டாக்டர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுது.