கரடித் தொப்பியும் கைப்பையில் சாண்ட்விச்சும்

கேள்வி: நானும் என் கணவரும் நான்கு வருடமாக வீகன். பால், தயிர், நெய், தேன் எதையும் தொடுவதில்லை. போன வருடம் ஒரு பெரிய நகரத்துக்குச் சுற்றுலா போய், ஐந்து நாளில் பாதியைச் சாப்பாட்டுக் கடை தேடியே தொலைத்தோம். பசியில் நடுரோட்டில் சண்டை வேறு. வருகிற மே மாதம் ஆறு நாள் லண்டன் போகிறோம். அவர் இப்போதே முப்பது வீகன் உணவகங்களை மேப்பில் குறித்து வைத்துவிட்டார். நான் பார்க்க ஆசைப்படும் இடங்கள் அவற்றின் பக்கத்தில்கூட இல்லை. இன்னொன்றும் உண்டு. பக்கிங்ஹாம் அரண்மனை வாசலில் காவலர்கள் மாறும் அணிவகுப்பைப் பார்க்க எனக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே ஆசை. அவர்கள் போடும் தொப்பி நிஜக் கரடித்தோல், அதனால் நானும் வரமாட்டேன், நீயும் போகாதே என்கிறார். நான் போய்ப் பார்த்தால் வீகனே இல்லையா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: முப்பதா! ஆறு நாளுக்கு மூன்று வேளை என்று கணக்குப் போட்டாலும் பதினெட்டுதான் வருகிறது. உங்கள் வீட்டுக்காரர் மீதிப் பன்னிரண்டை எப்போது சாப்பிடுவதாக உத்தேசம் என்று கேட்டுப் பாருங்கள்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அந்தப் பட்டியலிலிருந்து மூன்றே மூன்றை வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடச் சொல்லுங்கள். எந்த மூன்று என்பதை அவரே முடிவு செய்யட்டும். அந்த மூன்றும் இரவுச் சாப்பாட்டுக்கு. முன்பதிவு செய்துகொண்டு, குளித்து உடைமாற்றி, நிதானமாகப் போய் உட்கார்ந்து சாப்பிடுங்கள். பகல் முழுக்க உங்கள் இடங்கள். மதியச் சாப்பாடு கைப்பையில்.

சில வருடம் முன்னால் வீகனான என் தங்கை மகளோடு லண்டனில் சுற்றினேன். பிரிட்டிஷ் மியூசியத்தில் பாதிதான் பார்த்திருப்போம், அவளுக்குப் பசி. ஃபோனைப் பார்த்தாள், கிழக்கு லண்டனில் ஏதோ ஒரு வீகன் கேக் கடை அமோகம் என்று போட்டிருந்தது. பஸ் பிடித்து முக்கால் மணி நேரம் போனோம். கதவில் ஒரு அட்டை தொங்கியது: திங்கள் விடுமுறை. திரும்பி வரும்போது அவள் பேசவில்லை, நானும் பேசவில்லை. மியூசியம் ஐந்து மணிக்கு மூடிவிடும். அமராவதிச் சிற்பங்கள் இருக்கும் அறையை நான் பார்க்காமலே ஊர் திரும்பினேன். இதில் வேடிக்கை என்னவென்றால், மியூசியத்திலிருந்து இரண்டு நிமிட நடையில் இருந்த சாதாரணக் கடை ஒன்றில் நாலு வகை வீகன் சாண்ட்விச் அடுக்கி வைத்திருந்தார்கள். மறுநாள்தான் கண்ணில் பட்டது.

லண்டனில் உங்களுக்குச் சாப்பாடு கிடைக்காதோ என்ற பயமே வேண்டாம். 1888-ல் சட்டம் படிக்கப் போன காந்திக்குத்தான் அந்தக் கஷ்டம். சைவச் சாப்பாட்டுக் கடை தேடி நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு மைல் நடந்ததையும், மலிவான கடைகளில் வெறும் ரொட்டியால் வயிற்றை நிரப்பியதையும் அவரே எழுதியிருக்கிறார். கடைசியில் ஃபாரிங்டன் தெருவில் ஒரு சைவ உணவகம் கண்ணில் பட்டது. இங்கிலாந்துக்கு வந்தபின் வயிறார உண்ட முதல் சாப்பாடு அதுதான் என்கிறார். இன்று உங்களுக்கு அந்த நடை தேவையில்லை. எந்தப் பெரிய ரயில் நிலையத்திலும், எந்த சூப்பர் மார்க்கெட்டிலும் வீகன் என்று அச்சடித்த சாண்ட்விச்சும் சாலட்டும் இருக்கும். காபிக் கடையில் ஓட்ஸ் பால் என்று கேட்டால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

லேபிள் படிக்க மட்டும் கொஞ்சம் பழக வேண்டும். நம் ஊர்ப் பச்சைப் புள்ளியை நினைத்துக்கொண்டு போகாதீர்கள். அங்கே வெஜிடேரியன் என்றால் பால், சீஸ் மட்டுமல்ல, முட்டையும் சேர்த்திதான். வீகன் என்ற சொல்லைத் தேடுங்கள். அது இல்லாவிட்டால் பொருள்களின் பட்டியலைப் பாருங்கள். ஒவ்வாமை தரக்கூடிய 14 பொருள்களைத் தனித்துத் தெரியும்படி அச்சிட வேண்டும் என்பது அந்த நாட்டுச் சட்டம், பெரும்பாலும் தடித்த எழுத்தில் இருக்கும். பால், முட்டை, மீன், இறால், நத்தை வகையெல்லாம் அதில் அடக்கம். 2021 அக்டோபரிலிருந்து, கடையிலேயே செய்து பொட்டலம் கட்டி வைக்கும் சாண்ட்விச்சுக்கும் முழுப் பட்டியல் கட்டாயம். நடாஷா சட்டம் என்பார்கள். ரொட்டி மாவில் கலந்த எள் தெரியாமல் சாப்பிட்டு உயிரிழந்த 15 வயதுப் பெண்ணின் பெயர் அது. அந்தக் குழந்தையின் பெற்றோர் போராடிப் பெற்ற சட்டம் இன்று உங்களுக்கும் உதவுகிறது.

ஆனால் தடித்த எழுத்தை மட்டும் நம்பினால் தேன் தப்பிவிடும். விலங்கின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டினும், பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்புச் சாயமான கார்மினும் அப்படியே. இவை அந்த 14-ல் இல்லை. கார்மின் சில சமயம் ‘இ 120’ என்ற எண்ணுக்குள் ஒளிந்திருக்கும். உருளைக்கிழங்கு சிப்ஸ்தானே என்று அசட்டையாக இருந்தால் மசாலாவில் பால் பவுடர் இருக்கும். வூஸ்டர் சாஸில் நெத்திலி வகை மீன். ‘பால் இருக்கலாம்’ என்று கீழே ஒரு எச்சரிக்கை இருந்தால் அதற்காகத் தூக்கி வைத்துவிட வேண்டாம். ஒரே ஆலையில் பாலையும் கையாள்கிறார்கள் என்று ஒவ்வாமை உள்ளவர்களுக்குச் சொல்வது அது.

உங்களுக்கு உண்மையான கண்ணி எங்கே தெரியுமா? நம் ஆட்கள் நடத்தும் கடையில். யூஸ்டன் நிலையத்துக்குப் பக்கத்தில் டிரம்மண்ட் தெரு, கிழக்கே ஈஸ்ட் ஹாம் என்று தோசை வாசம் வரும் இடங்கள் லண்டனில் உண்டு. நாலு நாள் ரொட்டி தின்ற வாய் தானாக அந்தப் பக்கம் இழுக்கும். ‘சைவம்தானே’ என்ற வார்த்தையைக் கேட்டதும் மனசு தளர்ந்துவிடும். நெய் ரோஸ்ட், பொங்கல், பால் விட்ட குருமா, காபி... சர்வர் நல்ல மனிதர்தான், நெய்யைப் பால் பொருளாக அவர் கணக்கில் வைப்பதில்லை, அவ்வளவுதான். தமிழிலேயே, ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: நெய் போடாமல், தயிர் இல்லாமல், எண்ணெயில். கூச்சப்படாதீர்கள். மீனும் சிப்ஸும் விற்கும் கடையிலும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். சில கடைகளில் உருளைக்கிழங்கை மாட்டுக்கொழுப்பில் பொரிப்பதுண்டு. எண்ணெய்தான் என்றாலும் மீன் பொரித்த அதே சட்டியாக இருக்கலாம்.

சரி, இடங்கள். ஆறு நாளையும் நான் பிரித்துத் தரப்போவதில்லை. எனக்குப் பிடித்த ஒரு நாளைச் சொல்கிறேன். பார்லிமென்ட் சதுக்கத்தில் 2015-ல் வைத்த காந்தி சிலையிலிருந்து புறப்படுங்கள். அங்கே வருவதற்கு முன்பே இரண்டு சாண்ட்விச், கொஞ்சம் பழம், தண்ணீர் பாட்டில் பையில் இருக்க வேண்டும். வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தைத் தாண்டி, தேம்ஸின் தென்கரையோடு கிழக்கே நடந்தால் டவர் பிரிட்ஜ் வரை ஏறத்தாழ நாலு கிலோமீட்டர். வழியில் டேட் மாடர்ன் ஓவியக்கூடம், உள்ளே போகக் கட்டணம் இல்லை. அதன் எதிரே மில்லேனியம் நடைபாலம். 2000-ல் திறந்ததும் ஜனம் ஏற ஏற ஊஞ்சலாக ஆடியதால் இரண்டே நாளில் மூடி, 2002-ல்தான் மறுபடி விட்டார்கள். நடுப்பாலத்தில் நின்று செயின்ட் பால்ஸ் தேவாலயத்தின் கோபுரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வாருங்கள். கரையோரப் பெஞ்சில் சாப்பாட்டை முடித்துக்கொள்ளுங்கள். அதற்கப்புறம் வரும் பரோ மார்க்கெட்டில் காய்கறியும் பழமும் ரொட்டியும் கண்ணைப் பறிக்கும், ஆனால் பன்றித்தொடைகளும் தொங்கும். வீட்டுக்காரருக்குச் சங்கடமாக இருந்தால் சுற்றிக்கொண்டு போய்விடலாம். அங்கேயும் திங்கட்கிழமை விடுமுறை, என் அனுபவம் உங்களுக்கு வேண்டாம். கடைசியாக ஆற்றைத் தாண்டினால் லண்டன் கோபுரக் கோட்டை. அதன் காவலர்களைச் செல்லமாக அழைக்கும் பெயர் பீஃபீட்டர், அதாவது மாட்டிறைச்சி தின்பவர். வீட்டுக்காரரிடம் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள், அப்புறம் வாசலில் நின்று முறைக்கப்போகிறார்.

ஒரு வெள்ளிக்கிழமையை சௌத் கென்சிங்டனுக்கு ஒதுக்குங்கள். இயற்கை வரலாறு, அறிவியல், விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் என மூன்று அருங்காட்சியகங்கள் அங்கே அக்கம்பக்கத்தில் இருக்கின்றன. மூன்றுக்கும் பொது நுழைவு இலவசம். வெள்ளியன்று விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் இரவு பத்து மணி வரை திறந்திருக்கும். கூட்டம் வடிந்த பிறகு, வெள்ளைக்காரச் சிப்பாயின் கழுத்தைக் கவ்விக்கொண்டிருக்கும் திப்புவின் மரப்புலி பார்வைக்கு இருந்தால் அதன் முன்னால் போய் நில்லுங்கள்.

பஸ்ஸில் காசு வாங்கமாட்டார்கள், கார்டைத் தட்ட வேண்டும். ஆளுக்கொரு கார்டு. காலையில் கார்டு, மாலையில் அதே கார்டு உள்ள ஃபோன் என்று மாற்றித் தட்டினால் இரண்டு பேர் கணக்காகிவிடும், ஒரு நாளுக்கு இவ்வளவுதான் என்ற உச்சவரம்புச் சலுகை போய்விடும்.

இனி கரடி.

உங்கள் வீட்டுக்காரர் சொல்வது தகவலாகச் சரி. அந்த உயரத் தொப்பி கனடாவின் கருங்கரடித் தோல்தான். செயற்கை ரோமத்துக்கு மாறச் சொல்லி விலங்குநல அமைப்புகள் வருடக்கணக்காகக் கேட்கின்றன. அவருக்கு அதைப் பார்க்க மனம் வரவில்லை என்றால் அவர் வர வேண்டாம், வற்புறுத்தாதீர்கள். ஆனால் ‘நீயும் போகாதே’ என்ற இரண்டாவது பாதி எனக்குப் பிடிக்கவில்லை. அந்த அணிவகுப்புக்கு டிக்கெட் கிடையாது. நீங்கள் அதற்கு ஒரு பைசா கொடுக்கப்போவதில்லை. தெருவில் நின்று பார்த்துவிட்டு வருவதால் நாலு வருடமாக நெய்யை ஒதுக்கிய நீங்கள் வேறு ஆளாகிவிடமாட்டீர்கள்.

வீகன் என்ற சொல்லைப் பிறப்பித்தவர் டொனால்ட் வாட்சன். 1944 நவம்பரில் ஒரு சிலர் லண்டனில் கூடிப் பேசித்தான் வீகன் சங்கம் உருவானது. அந்தச் சங்கம் இன்று தரும் விளக்கத்திலேயே, விலங்குகளைச் சுரண்டுவதை ‘இயன்றவரை, நடைமுறைக்கு ஒத்தவரை’ விலக்குவது என்றுதான் இருக்கிறது. அந்த இரண்டு சொற்களையும் அவரிடம் காட்டுங்கள். கூடவே இதையும் சொல்லுங்கள்: 2016-ல் வந்த ஐந்து பவுண்ட் பிளாஸ்டிக் நோட்டில் துளியளவு விலங்குக் கொழுப்பு இருப்பது தெரிந்து, ஒரு லட்சத்துக்கும் மேல் கையெழுத்து சேர்ந்தது. இங்கிலாந்து வங்கி யோசித்துவிட்டு, 2017-ல் அதே பிளாஸ்டிக்கைத் தொடர்வதாக அறிவித்தது. பணத்தையே தொடாமல் இருக்க முடியுமா? முடிந்தவரை கார்டில் கொடுப்பார், மீதியை நோட்டாகத் தொடுவார். கோடு எங்கே போடுவது என்பதில் உங்கள் இருவருக்கும் ஒரு சாண் வித்தியாசம் இருக்கலாம், ஒரே வீட்டில் இருக்கலாம்.

ஆகவே அன்று காலை நீங்கள் பத்து மணிக்கே அரண்மனைப் பக்கம் போய் இடம் பிடியுங்கள். வழக்கமாகத் திங்கள், புதன், வெள்ளி, ஞாயிறு பதினொரு மணியளவில் நடக்கும். மழை கொட்டினால் நடக்காது, தேதியை முன்னதாகப் பார்த்துக்கொள்ளுங்கள். அவர் பக்கத்திலேயே செயின்ட் ஜேம்ஸ் பூங்காவில் உட்கார்ந்திருக்கட்டும். 1664-ல் ரஷ்யத் தூதர் பரிசாகக் கொடுத்ததிலிருந்து அங்கே கூழைக்கடாக்கள் உலாவுகின்றன. அவற்றுக்கு மீன் போடுவது பிற்பகலில், எனவே காலையில் அவர் மனம் நோக ஒன்றும் இல்லை.

மதியம் இருவருமாக அவருக்கான இடத்துக்குப் போங்கள். ஹைட் பூங்காவின் ஓரம், பார்க் லேனில், போர்களில் மாண்ட விலங்குகளுக்கு 2004-ல் எழுப்பிய நினைவுச்சின்னம் இருக்கிறது. முதுகில் பாரத்தோடு இரண்டு வெண்கலக் கோவேறு கழுதைகள், சுவரின் இடைவெளியை நோக்கிக் கால் இழுத்து நடக்கும். ‘அவற்றுக்கு வேறு வழியில்லை’ என்ற பொருளில் ஒரு வரி பொறித்திருக்கிறார்கள். நேரம் இருந்தால் பாட்டர்ஸி பூங்காவில் பழுப்பு நாய் சிலையையும் பாருங்கள். 1903-ல் மருத்துவ மாணவர்கள் முன்னால் உயிரோடு அறுக்கப்பட்ட நாய் அது. அங்கே இருந்து பார்த்த இரண்டு ஸ்வீடன் பெண்கள் அதை ஊரறியச் சொன்னார்கள். 1906-ல் அதற்குச் சிலை வைத்தார்கள். மாணவர்கள் கலவரம் செய்தார்கள். 1910-ல் இரவோடு இரவாக, போலீஸ் காவலுடன் அதைப் பெயர்த்து எடுத்தார்கள். இப்போது இருப்பது 1985-ல் வைத்த வேறு சிலை. அவருடைய முப்பது உணவகப் பட்டியலில் இந்த இரண்டும் இருந்திருக்காது என்று நினைக்கிறேன்.

ஹோட்டல் பதிவு செய்யும்போது, இறகு அடைத்த தலையணை வேண்டாம் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள், மாற்றித் தருவார்கள். காலைச் சாப்பாட்டில் பீன்ஸ், தக்காளி, டோஸ்ட் எல்லாம் உங்களுக்கு ஆகும். காளானை மட்டும் எண்ணெயில் வதக்கச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் வெண்ணெய்தான்.