பாதித் தேங்காயும் பணவீக்கமும்

அன்புள்ள அக்காவுக்கு,

என் ஊர் முல்லைத்தீவில் புதுக்குடியிருப்புப் பக்கம். பல்கலைக்கழகத்தில் பொருளியல் இரண்டாம் வருடம் படிக்கிறேன். அப்பா இல்லை. அம்மா தோட்டக் கூலிக்குப் போகிறார். தம்பி சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறான்.

2025 தொடக்கத்தில் ஒரு விரிவுரையில், நாட்டின் பணவீக்கம் பூச்சியத்துக்குக் கீழே போய்விட்டது என்று வரைபடம் போட்டுக் காட்டினார்கள். அன்றிரவு தொலைபேசியில் அம்மாவிடம் அதைச் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எந்தக் கடையில் பிள்ளை?" என்று கேட்டார். அன்று அவர் வாங்கியது பாதித் தேங்காய். அதற்கும் காசு கொடுக்கவில்லை, கடைக் கொப்பியில் எழுதியிருந்தார். யாரை நம்புவது என்று எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்றையும் கேட்க வேண்டும். ஊரில் பெண்களுக்கு ஒரு பயிற்சி வைத்தார்களாம். வரவு செலவை எழுதிப் பழகாததால்தான் கடன் வருகிறது என்று சொல்லி ஆளுக்கொரு கொப்பி கொடுத்தார்களாம். அம்மா அதை எழுதுகிறார். நான் விடுமுறைக்குப் போனபோது எடுத்துப் பார்த்தேன். செலவுப் பக்கம் நிறைந்திருக்கிறது, வரவுப் பக்கத்தில் நாலு வரிதான். அம்மாவில் பிழை இருக்கிறதா அக்கா?

பெயரைப் போட வேண்டாம்.

*

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அம்மாவில் ஒரு பிழையும் இல்லை. ஏன் என்று பின்னால் விளக்குகிறேன்.

விரிவுரையில் சொன்னதும் அம்மா சொன்னதும் இரண்டுமே உண்மை. பணவீக்கம் என்று சொல்வது விலை ஏறுகிற வேகத்தை. பனையில் ஏறியவர் ஏறுவதை நிறுத்திவிட்டார் என்றால், அவர் கீழே வந்துவிட்டார் என்று யாரும் நினைப்பதில்லை. பணவீக்கம் குறைந்தது என்ற செய்தியை மட்டும் விலை குறைந்தது என்றே எல்லோரும் வாசிக்கிறோம். செய்தி எழுதுபவர்களில் பலரும் அப்படித்தான் எழுதுகிறார்கள்.

கணக்காகப் பார்ப்போம். வீடுகள் வழக்கமாக வாங்குகிற ஒரு கூடைச் சாமானின் விலையை மாதாமாதம் அளக்கிற எண்தான் நுகர்வோர் விலைச் சுட்டெண். 2022 செப்டெம்பரில், முந்திய ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிட்டால், கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதம். உணவுக்கு மட்டும் 94.9. ஓராண்டு கழித்து, 2023 செப்டெம்பரில், மொத்தப் பணவீக்கம் 1.3. 2024 செப்டெம்பரில் அது பூச்சியத்துக்குக் கீழே அரைப் புள்ளி இறங்கியது. 2025 ஜூலை வரை கீழேயே கிடந்தது. இப்போது 2021 செப்டெம்பரில் 100 ரூபாவுக்கு வாங்கிய ஒரு கூடைச் சாமானை எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு அதே கூடை 170 ரூபா. அதற்கடுத்த ஆண்டு 172. அதற்கும் அடுத்த ஆண்டு 171. அந்த ஒரு ரூபாவில் தொடங்கிய இறக்கத்தைத்தான் வரைபடத்தில் பூச்சியத்துக்குக் கீழே போன கோடாக உங்களுக்குக் காட்டினார்கள். அம்மா நிற்பது 171 ஐ ஒட்டிய இடத்தில். அவருடைய கூலி அந்த அளவுக்கு ஏறியதா என்று கேட்டுப் பாருங்கள்.

அந்தச் சிறிய இறக்கம் எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். பெரும்பகுதி மின்கட்டணத்திலிருந்தும் எரிபொருளிலிருந்தும் வந்தது. மாதம் 30 அலகு மின்சாரம் பாவிக்கிற ஒரு வீடு 2022 ஓகஸ்டுக்கு முன் நிலையான கட்டணத்தோடு சேர்த்து 105 ரூபா கட்டியது. அந்த ஓகஸ்டில் அது 360 ஆனது. 2023 பெப்ரவரியில் 1,300. இரண்டு மின்குமிழும் ஒரு மின்விசிறியும் உள்ள வீட்டுக்கு ஆயிரத்து முந்நூறு ரூபா! பிறகு படிப்படியாகக் குறைத்து, 2025 ஜனவரியில் 195 க்குக் கொண்டுவந்தார்கள். அது நல்ல காரியம், மறுக்கவில்லை. ஆனால் 2025 ஜனவரிக் குறைப்பால் 30 அலகுக்காரருக்கு மிஞ்சியது மாதம் 85 ரூபா. குளிரூட்டி ஓடுகிற வீட்டுக்கு மிஞ்சியது ஆயிரக்கணக்கில். அந்த ஆயிரங்களும் இந்த எண்பத்தைந்தும் ஒரே சுட்டெண்ணுக்குள் போய்க் கலந்து, கீழே இறங்கும் ஒரு கோடாக வெளியே வருகின்றன.

அதே மாதங்களில்தான் தேங்காய் விலை 200 ரூபாவைத் தாண்டியது. 2024 டிசெம்பரில் நாட்டரிசி தட்டுப்பாடாகி, கிலோ 230 ரூபா என்று அரசாங்கம் கட்டுப்பாட்டு விலை போட வேண்டி வந்தது. பணவீக்கம் பூச்சியத்துக்குக் கீழே இருந்த காலத்தில் சோற்றுக்கும் சொதிக்கும் சம்பலுக்கும் வேண்டிய இரண்டு பொருட்களும் எட்டாத உயரத்துக்குப் போயின. உங்கள் அம்மா "எந்தக் கடையில்" என்று கேட்டது இதைத்தான்.

சுட்டெண்ணில் யாருடைய கூடை இருக்கிறது என்பதையும் பாடத்தில் இன்னும் அழுத்திச் சொல்லித்தர வேண்டும் என்று நினைக்கிறேன். கொழும்புச் சுட்டெண் கொழும்பு நகரப் பகுதியின் செலவைக்கொண்டு செய்யப்பட்டது. அதில் உணவின் பங்கு ஏறத்தாழ நான்கில் ஒன்று. தேசிய நுகர்வோர் விலைச் சுட்டெண் எல்லா மாகாணங்களையும் சேர்க்கிறது. அதில் உணவுக்கு ஐந்தில் இரண்டு பங்கை ஒட்டிய இடம் உண்டு. உங்கள் அம்மாவின் கொப்பியில் உணவு எத்தனை பங்கு? நீங்களே கூட்டிப் பாருங்கள். நான் பார்த்த கொப்பிகளில் மூன்றில் இரண்டுக்குக் குறைந்து ஒன்றும் இல்லை. இத்தகைய சுட்டெண்களில் எடை போடுவதும் மொத்தச் செலவை வைத்துத்தான். வீட்டுக்கு ஒரு வாக்கு என்று கணக்கில்லை, ரூபாவுக்கு ஒரு வாக்கு. கூடச் செலவழிக்கிறவரின் வாழ்க்கை அங்கே கூட எடை பெறுகிறது. புள்ளிவிபரத் திணைக்களம் ஏமாற்றுகிறது என்று நான் சொல்லவில்லை. நாட்டின் சராசரியைக் கேட்டால் அவர்கள் சராசரியைத்தான் தர முடியும். முல்லைத்தீவு சராசரியில் இல்லை. நெருக்கடி வருவதற்கு முன்பே, 2019 இன் வீட்டுச் செலவினக் கணிப்பீட்டில், நாடு முழுவதும் வறுமையில் இருந்தவர்கள் 14.3 சதவீதம், முல்லைத்தீவு மாவட்டத்தில் 44.5.

இன்னொன்று, எந்தச் சுட்டெண்ணிலும் வராது. சின்னதாக வாங்குகிறவர் கூட விலை கொடுக்கிறார். 400 கிராம் பால்மாப் பைக்கற் 2021 ஒக்டோபர் தொடக்கத்தில் 380 ரூபா. 2022 மார்ச்சில் 790. அன்றைக்கே பல வீடுகள் அந்தப் பைக்கற்றை விட்டுவிட்டுக் கயிற்றில் தொங்குகிற சின்னப் பைக்கற்றுக்கு மாறின. அதைக் கிராமுக்குக் கணக்குப் பார்த்தால் பெரியதைவிட விலை கூட. எண்ணெயும் அப்படித்தான், செத்தல் மிளகாயும் அப்படித்தான். பரந்தன் சந்தியில் ஒரு விலை, விசுவமடுவில் ஒரு விலை, அங்கிருந்து உள்ளே போகப் போக இன்னொரு விலை. உள்ளே இருப்பவர் பஸ்ஸுக்குக் காசு கொடுத்து வெளியே வந்து வாங்கினால் மிச்சம் பிடித்தது பஸ்ஸோடு போய்விடுகிறது. கடைக் கொப்பியில் எழுதிக் கடனுக்கு வாங்குகிறவருக்கு விலை கேட்கவும் வாய் வராது.

மண்ணெண்ணெயைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. 2022 ஓகஸ்டில் ஒரே இரவில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ஆனது. கொழும்பில் இருப்பவருக்கு அது செய்தியில் ஒரு வரி. முல்லைத்தீவுக் கரையில் அது வள்ளத்து இயந்திரம். தோட்டக்காரருக்கு அது கச்சானுக்கும் வெங்காயத்துக்கும் தண்ணீர் இறைக்கிற பம்பி. கடலுக்குப் போகாத நாட்கள் கூடின, மீன் விலை ஏறியது, இறைப்புக் குறைந்த தோட்டத்தில் கூலி நாட்கள் குறைந்தன. உங்கள் அம்மா அந்த 340 ரூபாவை மண்ணெண்ணெய்க்கு மட்டும் கொடுக்கவில்லை. கறிக்கும் கொடுத்தார், வேலை இல்லாத நாட்களாகவும் கொடுத்தார். பின்னர் விலை குறைந்தது. 87 க்கு அது திரும்பி வரவேயில்லை.

எனக்கு இந்த விலையேற்றத்தில் மனம் பொறுக்காத இடம் ஒன்று இருக்கிறது. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்காலத்தில் நான் சிறுமி. ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, கொஞ்சமே கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு எரித்த விளக்கில் படித்தேன். சவர்க்காரம் இல்லாமல் பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்தோம். அன்று கடைத் தட்டு வெறுமையாக இருந்தது. எங்கள் வீட்டில் இல்லாதது பக்கத்து வீட்டிலும் இல்லை. அதனால் இல்லை என்று சொல்ல யாரும் கூசவில்லை. போரின் கடைசி மாதங்களான 2009 இன் தொடக்கத்தைப் பற்றி இங்கே எழுதமாட்டேன். அந்த விலைகளை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்லித்தர ஒன்றுமில்லை. இன்று கடைத் தட்டு நிறைந்திருக்கிறது. ஒவ்வொரு வீடும் தனித்தனியாக வாங்காமல் இருக்கிறது. மாலையில் கடைக்கு வருகிற பெண்கள் முன்னால் நிற்பவர் போகும்வரை காத்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன், தாங்கள் கேட்கிற அளவு மற்றவர் காதில் விழக்கூடாது என்பதற்காக. நூறு கிராம் பருப்பு. பாதித் தேங்காய்.

இப்போது அந்தப் பயிற்சிக்கு வருகிறேன். கொப்பி கொடுத்தவர்கள் நல்ல மனதோடுதான் கொடுத்திருப்பார்கள். ஆனாலும் எனக்குக் கோபம் வருகிறது. மாதக் கடைசியில் கையில் இருக்கிற அறுநூறு ரூபாவை அரிசிக்கா, தம்பியின் கொப்பிக்கா, நுண்கடனின் கிழமைக் கட்டுக்கா என்று பிரிக்கிற பெண்ணுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க இந்த நாட்டில் யாருக்கும் தகுதி இல்லை. அவர் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. வரவு போதாது, அவ்வளவுதான். போதாத வரவுக்கும் ஏறிய செலவுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியை அவர் எப்படி அடைக்கிறார் என்று அந்தக் கொப்பியில் எழுத ஒரு பக்கம் இல்லை. முதலில் மீன் போகும். பிறகு முட்டை. பிறகு தேங்காய் பாதியாகும். பிறகு தோட்டை அடைவுக்குப் போகும். பிறகு இரவில் எனக்குப் பசியில்லை என்று சொல்லிவிட்டு அம்மா பிளேன்டீயோடு படுத்துவிடுவார். எந்தச் சுட்டெண்ணிலும் இது விலையாகப் பதிவாகாது. வாங்கப்படாத பொருளுக்கு ஏது விலை?

இந்த இடைவெளியை அரசாங்கம் நிரப்பலாம். வறிய குடும்பங்களுக்கு அரசாங்கம் கொடுத்துவந்த சமுர்த்தி உதவித்தொகைக்குப் பதிலாக 2023 இல் அஸ்வெசும என்ற திட்டம் வந்தது. மிக வறிய குடும்பத்துக்கு மாதம் 15,000 ரூபா, வறிய குடும்பத்துக்கு 8,500. 2025 ஜனவரியில் அவை 17,500 ஆகவும் 10,000 ஆகவும் ஏறின. ஏற்றியதற்கு நன்றி சொல்கிறேன்; பல வீடுகளில் அதுதான் அரிசி. ஆனால் உத்தியோகபூர்வ வறுமைக்கோட்டைப் பாருங்கள். 2019 இல் ஆளுக்கு மாதம் 6,966 ரூபா. 2024 இல் 16,000 க்கு மேல். ஒரு ஆளுக்கு! உங்கள் வீட்டில் நீங்கள் விடுதியில் இருந்தாலும் இரண்டு பேர். மிக வறியவர் என்று அரசாங்கமே ஒத்துக்கொண்ட ஒரு முழுக் குடும்பத்துக்குக் கொடுப்பது, ஒரு ஆளுக்கு வேண்டும் என்று அரசாங்கமே சொல்கிற தொகையை ஒட்டித்தான் நிற்கிறது. அதையும் ரூபாவில் ஓரிடத்தில் நிறுத்திவிட்டு, விலையை மட்டும் ஓட விட்டிருக்கிறார்கள். அடுத்த முறை விலை ஏறும்போது தொகையைக் கூட்ட ஒரு தேர்தலோ ஒரு வரவு செலவுத் திட்டமோ வரும்வரை உங்கள் அம்மா காத்திருக்க வேண்டும். விலைச் சுட்டெண் ஒவ்வொரு மாதமும் வெளிவருகிறது. வறுமைக்கோட்டையும் மாதாமாதம் திருத்துகிறார்கள். உதவித்தொகையையும் அதோடு சேர்த்துக் கட்டிவிட வேண்டும், அதுவும் உணவு விலையோடு. இதில் புதிதாகக் கண்டுபிடிக்க ஒன்றுமில்லை. மனம் வந்தால் ஒரு சட்டத்திருத்தம் போதும்.

நீங்கள் ஆய்வுக் கட்டுரைக்குத் தலைப்புத் தேடுவீர்கள் என்று நினைக்கிறேன். அம்மாவின் கொப்பியைத் தூக்கிப் போட வேண்டாம். அதில் மூன்றாவது ஒரு நிரல் போட்டுக் கொடுங்கள்: இன்றைக்கு வாங்க நினைத்து வாங்காமல் வந்தது. ஒரு வருடம் எழுதட்டும். காலபோக நெல் அறுவடை முடிந்த மாசியில் அது எப்படி இருக்கிறது, கூலி இல்லாத ஐப்பசியில் எப்படி இருக்கிறது என்று பாருங்கள்.

எனக்குத் தெரிந்த கடைக்காரர் ஒருவர் 2021 இலிருந்து எழுதிய கடன் கொப்பிகளை இன்னும் கட்டி வைத்திருக்கிறார். மழைக்கு நனைந்த இரண்டைத் தவிர மற்றவை எழுத்துத் தெரிகிற நிலையில் இருக்கின்றன. பெயர்களை மறைத்துப் பார்க்கத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். விடுமுறைக்கு வரும்போது எழுதுங்கள், சேர்ந்து போவோம். அம்மாவையும் கூட்டி வாருங்கள்.

அன்புடன்,
அக்கா