கம்லூப்ஸ் செய்தி எழுதப்பட்ட விதம்

பூர்வகுடி மக்களைப் பற்றிய செய்திகளில் ஊடகங்கள் கையாளும் மொழியில் குறை உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. கனடாவில் வாழ்பவன் என்ற முறையில், 2021ஆம் ஆண்டின் கம்லூப்ஸ் செய்தியை வைத்தே பதில் சொல்ல விரும்புகிறேன்.

அவ்வாண்டு மே 27 அன்று, பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் ட்கெம்லூப்ஸ் தெ செக்வெப்மெக் குடியினர், பழைய வதிவிடப் பாடசாலை (பூர்வகுடிப் பிள்ளைகளைக் குடும்பங்களிலிருந்து பிரித்துத் தங்கவைத்த பாடசாலை) வளாகத்தைத் தரையூடுருவும் ராடார் கொண்டு ஆராய்ந்ததில் 215 பிள்ளைகளின் எச்சங்கள் இருப்பது தெரியவந்ததாக அறிவித்தனர். பலரை ஒன்றாகப் புதைத்த 'மனிதப் புதைகுழி' என்று அவர்கள் சொல்லவில்லை. ஆயினும் மறுநாளே நியூயோர்க் ரைம்ஸ் தலைப்பில் அது ஏறிவிட்டது. வேறு பல ஊடகங்களும் அவ்வாறே எழுதின. இலங்கையில் அத்தகைய புதைகுழிகள் தோண்டப்பட்ட செம்மணியையும் மன்னாரையும் அறிந்த நம்மவர்களுக்கு அச்சொல்லின் கனத்தை விளக்க வேண்டியதில்லை. சில நாட்களிலேயே அக்குடியின் தலைவர் ரோசான் கசிமிர், இது மனிதப் புதைகுழி அன்று, அடையாளமிடப்படாத புதைவிடங்கள் என்று தெளிவுபடுத்தினார். ஆய்வை நடத்திய சாரா போலியூ, ஜூலையில் எண்ணிக்கையை ஏறத்தாழ 200 எனத் திருத்தியதோடு, அகழ்ந்து பார்த்தாலன்றி உறுதிசெய்ய முடியாது என்றும் கூறினார். இந்த விளக்கங்கள் முதல் தலைப்பு எட்டிய தொலைவை எட்டவேயில்லை.

அதன் விளைவைப் பூர்வகுடி மக்களே சுமந்தார்கள். வதிவிடப் பாடசாலைகளில் நடந்த கொடுமைகளையே மறுக்கும் சிலர், "புதைகுழி எங்கே, உடல்கள் எங்கே?" என்று கேட்கத் தொடங்கினர். யாரோ ஓர் ஆசிரியபீடம் சூட்டிய சொல்லுக்கு, அதைச் சொல்லாத மக்கள் பதில் கூற நேர்ந்தது. இரக்கத்தோடு எழுதப்பட்ட செய்தியே இந்தத் தீங்கைச் செய்தது என்பதுதான் என்னை மிகவும் வருத்துகிறது.

'அதிர்ச்சியூட்டும் கண்டுபிடிப்பு' என்ற தொடரையும் அந்த வாரங்களில் ஓயாமல் கேட்டோம். அது யாருக்குக் கண்டுபிடிப்பு? வீடு திரும்பாத பிள்ளைகளைப் பற்றி உயிர்தப்பியவர்கள் பல்லாண்டுகளாகச் சொல்லிவந்தார்கள். அரசின் மருத்துவ அதிகாரியான பீற்றர் பிரைஸ், அப்பாடசாலைகளில் காசநோயால் பிள்ளைகள் இறப்பதை 1907ஆம் ஆண்டிலேயே அறிக்கையாகத் தந்தார். அன்றைய பத்திரிகைகளும் அதை எழுதின. வதிவிடப் பாடசாலைகளை ஆராய்ந்த உண்மைக்கும் நல்லிணக்கத்திற்குமான ஆணைக்குழு 2015இல் வெளியிட்ட இறுதி அறிக்கையில், காணாமற்போன பிள்ளைகளுக்கும் புதைவிடங்களுக்கும் ஒரு தொகுதியே ஒதுக்கி, ஏறத்தாழ 3,200 மரணங்களைப் பதிவுசெய்திருந்தது. இவ்வளவும் இருக்க, 'கண்டுபிடிப்பு' என்று எழுதும்போது, அதுவரை கேளாதிருந்தவர்களின் தவறு மறைந்துபோகிறது.

'அங்கே கல்வி கற்ற மாணவர்கள் உயிரிழந்தனர்' என்பதும் அத்தகையதே. ஏறத்தாழ 1,50,000 பிள்ளைகள் அப்பாடசாலைகளுக்குள் சென்றனர். 1920இல் சட்டமே அவர்களது வருகையைக் கட்டாயமாக்க வழிசெய்தது. அரசு பணம் கொடுத்தது, திருச்சபைகள் நடத்தின. இவர்களுள் எவரையும் எழுவாயாகக் கொள்ளாத வாக்கியம், இலக்கணப்படி சரியாக இருந்தாலும், நடந்ததைச் சொல்வதில்லை.

இதழியல் கற்பிக்கும் நிறுவனங்கள், வதிவிடப் பாடசாலைகள் உட்பட, பூர்வகுடி மக்களின் வரலாற்றை எல்லா மாணவருக்கும் பயிற்றுவிக்க வேண்டும் என்று அந்த ஆணைக்குழுவின் 86ஆவது பரிந்துரை கோருகிறது. இங்குள்ள நம் தமிழ் வானொலிகளிலும் இணையத்தளங்களிலும் பணிபுரிவோர் பலர் அத்தகைய வகுப்பறைகள் வழியாக வந்தவர்கள் அல்லர். செய்தி முகவரகம் அனுப்பும் வரிகளை அவசரமாகத் தமிழாக்குகிறார்கள். அவர்களிடம் நான் கேட்பது பெரிதொன்றுமில்லை. ஒரு குடியைப் பற்றிய செய்தி வந்தால், அக்குடியே வெளியிட்ட அறிக்கையை முதலில் தேடிப் படித்து, அவர்கள் எதை உறுதியாகச் சொன்னார்களோ அதை உறுதியாகவும், எதைக் கருதுகிறோம் என்றார்களோ அதை அப்படியேயும் எழுதுங்கள்.