பத்திரத்தைத்தானே கேட்கிறார்?

அன்புள்ள ஐயா,

பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். கணவர் தவறி ஆறு வருடம் ஆகிறது. அவர் கட்டிய வீடு என் பெயரில் இருக்கிறது. மகன் பெங்களூரில். மகளைத் திருப்பூரில் கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளை சின்னதாக ஒரு பனியன் கம்பெனி நடத்துகிறார். நல்ல மனிதர், எந்தக் கெட்ட பழக்கமும் கிடையாது. வங்கியில் 40 லட்சம் ஓ.டி. (ஓவர்டிராஃப்ட், வரம்புக்குள் வேண்டும்போது எடுத்துக்கொள்ளும் கடன்) வாங்கப்போகிறாராம், என் வீட்டுப் பத்திரம் வேண்டும் என்கிறார். "வீட்டையா கேக்கறேன் அத்தை? பத்திரம் பேங்க்ல இருக்கும், அவ்வளவுதான்" என்றார். மேனேஜரும் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும் என்கிறார். மகள் எதுவும் பேசாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். மகனிடம் இன்னும் சொல்லவில்லை. மாப்பிள்ளை வாய்விட்டுக் கேட்ட பிறகு மறுத்தால், அவரை நம்பாத மாதிரி ஆகிவிடாதா? வக்கீலிடம் காட்ட ஒரிஜினலை இப்போதே கொடுக்கச் சொல்கிறார்கள். கொடுக்கலாமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள அம்மா,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அதுதான் அவசரம். ஒரிஜினலைக் கொடுக்காதீர்கள். வக்கீல் பார்த்துக் கருத்துச் சொல்ல ஜெராக்ஸும் வில்லங்கச் சான்றிதழும் போதும். ஒத்துப்பார்க்க வேண்டும் என்றால் நீங்களே பையில் எடுத்துப்போய்க் காட்டிவிட்டு, கையோடு திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள்.

இவ்வளவு கறாராகச் சொல்லக் காரணம் இருக்கிறது. அடமானம் என்றாலே ரிஜிஸ்தர் ஆபீசுக்குப் போய், விரல்ரேகை வைத்து, சாட்சி போட்டு நடக்கிற சமாச்சாரம் என்று நம் மனதில் பதிந்திருக்கிறது. 1882-ம் வருடத்துச் சொத்து மாற்றுச் சட்டம் இன்னொரு வழியும் வைத்திருக்கிறது. கடனுக்கு ஈடு என்ற எண்ணத்தோடு மூலப்பத்திரத்தை ஒப்படைத்தாலே அடமானம் ஆகிவிடும். முதலில் கல்கத்தா, மெட்ராஸ், பம்பாய்க்கு என்று இருந்த ஏற்பாடு, அரசு அறிவிக்கிற மற்ற ஊர்களுக்கும் உண்டு. வங்கிக்காரர்கள் எம்.ஓ.டி. என்று சொல்வது இந்த ஒப்படைப்பைப் பற்றி எழுதி வைக்கும் ஆவணத்தைத்தான். நம் மாநிலத்தில் அதைப் பதிவு செய்கிறார்கள், வில்லங்கத்திலும் ஏறிவிடும். ஆக, மாப்பிள்ளை கேட்டது வீட்டைத்தான். அது அவருக்கே தெரியாமல் இருக்கலாம். மேனேஜருக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை.

அப்புறம் அந்த ஒரு கையெழுத்து. பத்திரம் கொடுப்பவரை அநேகமாக ஜாமீன்தாரராகவும் போட்டுக்கொள்வார்கள். 1872-ம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 128-வது பிரிவுப்படி, கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ ஜாமீன் போட்டவருக்கும் அவ்வளவு. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய இதுதான் நிலைமை. முதலில் மாப்பிள்ளையின் தையல் மெஷின்களை விற்று, அவர் காரை விற்று, குறைகிற பாக்கிக்குத்தான் அத்தையிடம் வர வேண்டும் என்று வங்கிக்கு எந்தக் கட்டாயமும் இல்லை. பழைய ஓவர்லாக் மெஷினுக்கு என்ன விலை வரும் என்று அவர்களுக்குத் தெரியும். வீடு என்றால் ஏலத்துக்கு ஆள் வரும். நீங்கள் கட்டித் தீர்த்த பணத்தை மாப்பிள்ளையிடம் திரும்பக் கேட்கச் சட்டம் உங்களுக்கு உரிமை தந்திருக்கிறது. எந்த மாமியார் அதற்காகக் கோர்ட்டுக்குப் போகிறார்?

உண்மையில் அடமானத்தைவிட எனக்கு உறுத்துவது அது ஓ.டி. என்பதுதான். 40 லட்சம் டெர்ம் லோனாக, பத்தரை வட்டிக்குப் பத்து வருடத் தவணையில் வாங்கினால், மாதம் சுமார் 54,000 கட்ட வேண்டும். கஷ்டம்தான். ஆனால் பத்து வருடம் கழித்துப் பத்திரம் வீட்டுக்கு வந்துவிடும். அதே 40 லட்சத்தை ஓ.டி.யில் முழுக்க எடுத்துவிட்டால், மாதம் 35,000 வட்டி கட்டிக்கொண்டே இருந்தால் போதும், கணக்கு ஒழுங்காக ஓடும். பத்து வருடத்தில் 42 லட்சம் வட்டி போயிருக்கும், அசல் அதே 40 லட்சமாக நிற்கும். நடுவில் வருடாவருடம் ரினிவல் வரும். தொழில் நன்றாகப் போனால் லிமிட்டை ஐம்பதாக்குவார்கள், அறுபதாக்குவார்கள், ஒவ்வொரு முறையும் உங்களுக்கு ஒரு கையெழுத்து. ஜாமீன் படிவத்தில் பொடி எழுத்தில், இப்போதைய கடனுக்கும் இனிமேல் வாங்கப்போகும் கடனுக்கும் சேர்த்துப் பொறுப்பு என்று ஒரு வரி இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். பெரும்பாலும் இருக்கும். தொழில் செய்பவருக்கு ஓ.டி. வசதியான ஏற்பாடுதான், நூல் வாங்க இன்றைக்குப் பணம் வேண்டும், பில் பணம் மூன்று மாதம் கழித்து வரும். அத்தையின் வீட்டுக்கு அது ஏற்றதில்லை.

நீங்கள் நம்பிக்கையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். என் பெரியப்பா கதையைச் சொல்கிறேன். அவருடைய மைத்துனர், அதாவது பெரியம்மாவின் தம்பி, திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருந்தார். இதே மாதிரிதான், வீட்டுப் பத்திரம், ஒரு கையெழுத்து. கம்பெனியிலிருந்து ஆள் காகிதக் கட்டோடு வந்தபோது பெரியப்பா திண்ணையில் வைத்தே எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டார். எத்தனை பக்கம் என்றுகூட எண்ணவில்லை. பெரியம்மா சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. வேண்டாம் என்றால் தம்பிக்குத் துரோகம், சரி என்றால் புருஷனுக்குத் துரோகம், அவள் என்ன பேசுவாள்?

மைத்துனர் ஏமாற்றுக்காரர் இல்லை. இன்று வரை அவரை அப்படி யாரும் சொன்னதில்லை. 2011 ஜனவரி கடைசியில், நொய்யல் ஆற்று மாசு வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. பனியன் துணிக்குச் சாயம் போட வெளியூருக்கு அலைய வேண்டியிருந்தது. அதே சமயத்தில் நூல் விலையும் ஏறிக் கிடந்தது. ஆர்டர் கைவிட்டுப் போனது, வட்டி நின்றது. தொண்ணூறு நாள் வட்டியோ தவணையோ நின்றால் கணக்கு வாராக்கடன். அதன் பிறகு 2002-ம் வருடத்துச் சர்பாசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ். அதற்கும் கட்டாவிட்டால், கோர்ட்டுக்குப் போகாமலே வங்கி வீட்டைச் சுவாதீனம் எடுக்கலாம்.

சுவாதீன அறிவிப்பை வாசல் கதவுக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டிவிட்டுப் போனார்கள். பெரியப்பா பெயர், மைத்துனர் பெயர், பாக்கித் தொகை பைசா வரைக்கும், வீட்டின் நான்கு எல்லைகள். கிழித்தால் கேஸாகிவிடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பெரியம்மா அதற்கு மேலே ஒரு ஆணி அடித்து, கூடத்தில் தொங்கிய தினசரி காலண்டரை எடுத்துவந்து மாட்டிவிட்டாள். வாசலில் காலண்டர் தொங்குவதைப் பார்த்தே தெருவுக்கு விஷயம் தெரிந்துபோனது. கடைசியில் ஏலத்துக்குப் போவதற்குள் தோட்டத்தை விற்று வீட்டை மீட்டார்கள். அப்போது கொஞ்சம் கால அவகாசம் கிடைத்தது. 2016-ல் சட்டத்தைத் திருத்திய பிறகு, ஏல அறிவிப்பு வெளியாவதற்குள் முழுப் பணத்தையும் கட்டியாக வேண்டும்.

திருப்பூர்த் தொழிலுக்கு அடி எந்தப் பக்கத்திலிருந்தும் வரும். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டபோது உங்கள் மாப்பிள்ளையும் அதை நேரில் பார்த்திருப்பார். அவர் நல்லவர் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நல்ல மனிதரின் கம்பெனியும் படுக்கும்.

மறுக்கத்தான் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சிறு, குறுந்தொழிலுக்கு ஈடு இல்லாமலே கடன் கொடுக்க சி.ஜி.டி.எம்.எஸ்.இ. என்ற மத்திய அரசின் உத்தரவாதத் திட்டம் 2000-ம் வருடத்திலிருந்தே நடக்கிறது. 40 லட்சம் அதன் வரம்புக்குள் தாராளமாக வரும். வருடாந்தரக் கட்டணம் உண்டு, சில வங்கிகள் இழுத்தடிக்கும், வீட்டுப் பத்திரம் இருந்தால் கொண்டுவாருங்கள் என்பது மேனேஜருக்குச் சுலபம். மாப்பிள்ளையை முதலில் அதில் எழுத்துமூலமாக விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். முடியாது என்றால் பதிலையும் எழுத்தில் வாங்கி வரட்டும்.

அதையும் மீறி வீட்டைத்தான் வைப்பது என்று முடிவானால், ஓ.டி. வேண்டாம். ஒரு மெஷினுக்கு, ஒரு தொகைக்கு, ஒரு முடிவுத் தேதியோடு டெர்ம் லோன். அடமானமும் ஜாமீனும் அந்த ஒரு கடனுக்கு மட்டும் என்று எழுதி வாங்குங்கள். கையெழுத்துப் போடும் எல்லாக் காகிதங்களுக்கும் நகல் உங்கள் பீரோவில் இருக்க வேண்டும். கடன் முடிந்தால் 30 நாளுக்குள் ஒரிஜினலைத் திருப்பித் தர வேண்டும், தாமதித்தால் நாளுக்கு 5,000 ரூபாய் என்று ரிசர்வ் வங்கி 2023-ல் போட்ட உத்தரவு வீட்டுக் கடன் போன்ற தனிநபர் கடன்களுக்குத்தான், தொழில் கடனுக்கு இல்லை; அதனால் ஒரிஜினல் எப்போது திரும்ப வரும் என்பதையும் எழுதி வாங்குங்கள். எம்.ஓ.டி.யை ரத்து செய்து வில்லங்கம் போட்டுப் பார்ப்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள், நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். செட்டில்மென்ட், பவர் என்று வேறு ஏதாவது எழுதித்தரச் சொன்னால் பேச்சே வேண்டாம்.

மகனுக்கு இன்று இரவே போன் போடுங்கள். உயில் எதுவும் எழுதாவிட்டால் உங்களுக்குப் பிறகு அந்த வீட்டில் பாதி அவருடையது, அடமானத்தோடு சேர்த்து. பத்து வருடம் கழித்து வில்லங்கத்தைப் பார்த்து அவர் தெரிந்துகொள்வது நன்றாக இருக்காது.

மாப்பிள்ளையிடம் பேசும்போது மகளும் அங்கே உட்காரட்டும். கம்பெனிக் கணக்கு அவளுக்குத் தெரியுமா, இப்போது எவ்வளவு கடன் இருக்கிறது என்று அவர் முன்னாலேயே கேளுங்கள். காபி போட்டுக் கொண்டுவருகிறேன் என்று எழுந்தால், அப்புறம் போடலாம், உட்கார் என்று சொல்லுங்கள்.