வரி குறைந்ததில் எந்த வீட்டுக்கு எவ்வளவு மிச்சம்?

பாளையங்கோட்டையில் முதுகலைப் பொருளாதாரம் படிக்கும் வாசகி ஒருவர் கேட்கிறார்: "2025இல் வருமான வரி, ஜிஎஸ்டி இரண்டும் குறைந்தன. இதில் முக்கூடலில் பீடி சுற்றும் குடும்பத்துக்கு எவ்வளவு லாபம், மகாராஜ நகர் உத்தியோகஸ்தர் வீட்டுக்கு எவ்வளவு என்று ஆய்வு செய்ய வேண்டும். எங்கே தொடங்குவது?"

வருமானத்தில் தொடங்காதீர்கள். பீடிக் கூலி வாரத்துக்கு வாரம் மாறும். களக்காட்டு வாழை விவசாயிக்குத் தார் வெட்டும்போதுதான் கையில் காசு. செலவைக் கேளுங்கள்: காய்கறி, மீனுக்குக் கடந்த 7 நாள், பலசரக்குக்கு 30 நாள், டிவி, பைக் என்றால் ஓராண்டு. மத்திய அரசு 2022-23இல் எடுத்த வீட்டுச் செலவுக் கணக்கும் இந்த முறைதான். செலவை ஆள்கணக்கில் வகுத்து, குறைந்த செலவு வீட்டிலிருந்து வரிசைப்படுத்தி ஐந்து பங்காகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பொருள்வாரி வரி. நிறையப் பேர் தவறுவது இங்கேதான். 2025 செப்டம்பர் 22 முதல் குளியல் சோப்பு, பற்பசை, ஷாம்புக்கு வரி 18லிருந்து 5 சதவீதம். அதனால் விலை 13 சதவீதம் குறையாது. 100 ரூபாய்ப் பொருள் 18 ரூபாய் வரியோடு 118 ஆக இருந்தது, இப்போது 5 ரூபாய் வரியோடு 105 ஆகும், அதாவது 11 சதவீதம் குறைவு. துணி சோப்பைத் தனியாக எழுதுங்கள், அதற்கு வரி குறையவில்லை. அரிசி மூட்டையின் எடையையும் கேளுங்கள். 2022 ஜூலையிலிருந்து 25 கிலோ வரை லேபிள் ஒட்டிய பையில் வந்தால் 5 சதவீதம் வரி, அதனால்தான் கடைகளில் 26 கிலோ மூட்டை. ரேஷன் அரிசி வாங்கும் வீட்டுக்கு இந்த வரியே இல்லை.

சரி, கணக்கைப் பார்ப்போம். தொகைகள் உதாரணத்துக்குத்தான். மாதம் 12,000 செலவழிக்கும் பீடி வீட்டில் சோப்பு, ஷாம்பு, பற்பசைக்கு 600 ரூபாய் என்றால் மிச்சம் 66 ரூபாய், செலவில் 0.55 சதவீதம். 60,000 செலவழிக்கும் உத்தியோகஸ்தர் வீட்டில் அதே பொருள்களுக்கு 1,800 என்றால் மிச்சம் 198 ரூபாய், ஆனால் 0.33 சதவீதம்தான். இதோடு நிறுத்தினால் ஏழை வீட்டுக்கே கூடுதல் பலன் என்று எழுதிவிடுவீர்கள். அந்த உத்தியோகஸ்தரின் வரிக்குரிய வருமானம் 12 லட்சம் என்றால், புதிய வருமான வரி முறையில் 2024-25இல் செஸ்ஸோடு (வரியின் மேல் போடும் கூடுதல் வரி) 83,200 ரூபாய் வரி கட்டியிருப்பார். 2025-26இல் வரியே இல்லை. மாதத்துக்கு ஏறக்குறைய 6,930 ரூபாய், செலவில் 11 சதவீதத்துக்கு மேல்! வருமான வரியே கட்டாத பீடி வீட்டுக்கு இதில் ஒரு ரூபாயும் கிடையாது. ஆகவே இரண்டு வரி மாற்றங்களையும் தனித்தனியாகவும் சேர்த்தும், ரூபாயிலும் சதவீதத்திலும் காட்டுங்கள். இதில் ஒன்றை விட்டாலும் ஆய்வு ஒருபக்கமாகச் சாய்ந்துவிடும், பாதிக்கப்படுவது குரல் குறைந்த வீடுதான்.

இவ்வளவும் வரிக்குறைப்பு முழுதாக விலையில் இறங்கியது என்ற அனுமானத்தில் போட்ட கணக்கு. முக்கூடல் பெட்டிக்கடையிலும் வண்ணார்பேட்டை சூப்பர் மார்க்கெட்டிலும் பழைய, புதிய பாக்கெட்டுகளின் விலையை நேரில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். சின்ன பாக்கெட்டில் விலை அப்படியே இருந்து எடை கூடியிருக்கலாம், அதனால் கிராமையும் சேர்த்து எழுதுங்கள்.