பழுத்த அனுபவமும் பாலைப்பழமும்

கேள்வி: ஆசிரியர் ஐயா, எனக்கு வயது 52. களஞ்சியப் பொறுப்பாளராகப் பழுத்த அனுபவம் உண்டு. திட்டம் முடிந்ததென்று வேலை செய்த நிறுவனம் போய்விட்டது. எட்டு இடத்துக்கு விண்ணப்பித்தும் ஒருவரும் கூப்பிடவில்லை. வயதுதான் தடையா?
(வாசகர், விசுவமடு)

பதில்: விண்ணப்பத்திலும் "பழுத்த" என்றுதான் எழுதினீர்களா? அங்கேதான் பிழை விட்டீர்கள். பாலைப்பழத்தைப் பற்றி விசுவமடுக்காரருக்கு நான் சொல்லத் தேவையில்லை. பழுத்ததே உதட்டில் ஒட்டும். செங்காய் என்றால் கேட்கவே வேண்டாம். கரடிக்கு இது தெரியும். பழுக்கும்வரை பொறுத்திருந்து மரமேறித் தின்னும். ஆளெடுக்கிற முகாமையாளருக்குத்தான் செங்காய் வேண்டும்: வயது 25, அனுபவம் 10 வருடம். அப்படியொருவர் பள்ளிக்கூடச் சீருடையோடு களஞ்சியத்துக்குப் போயிருந்தால்தான் உண்டு. நேர்காணலுக்குக் கரடியை இருத்தினால் உங்களுக்கு அன்றைக்கே வேலை.

(நேர்முகப் "பரீட்சை" என்று நான் எழுத மாட்டேன். இதற்காக எங்கள் ஒப்புநோக்குநரோடு பத்து வருடச் சண்டை. பரீட்சை என்றால் வினாத்தாள் எங்கே?)

சட்டமும் கைகொடுக்காது. 2021ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், தனியார் துறையில் உள்ளே இருக்கும் உங்கள் வயதுக்காரரை 60க்கு முன் ஓய்வென்று அனுப்பாதே என்கிறது. வெளியே நிற்பவரை எடு என்று ஒரு வரியும் இல்லை. சேமலாப நிதியை எடுக்கவும் ஆண்களுக்கு 55 ஆக வேண்டும்.

சரி, நீங்கள் அனுப்பிய சுயவிபரக் கோவைக்கு வருகிறேன். அதில் 2008, 2009 வெறுமையாகக் கிடக்கிறது. "இரண்டு வருடம் ஏன் சும்மா இருந்தீர்கள்?" என்று கொழும்பிலிருந்து வந்த பெடியன் கேட்டால் தலையைக் குனிவீர்கள், எனக்குத் தெரியும். சும்மாவா? விசுவமடுவிலிருந்து இரணைப்பாலை (அங்கேயும் பாலைதான், அதுவும் இரண்டு), மாத்தளன், முள்ளிவாய்க்கால், பிறகு செட்டிகுளம் முகாம். அரை மூட்டை அரிசியையும் தறப்பாளையும் சைக்கிளில் கட்டி உருட்டிக்கொண்டு போய், சுண்டால் அளந்து கஞ்சி காய்ச்சினவர் நீங்கள். "வழங்கல் முகாமைத்துவம், இரண்டு வருடம், களத்தில்" என்று எழுதுங்கள். அத்தாட்சிக் கடிதம் கேட்டால் நந்திக்கடல் பக்கம் போய்த் தேடச் சொல்லுங்கள்.

கூப்பிட்டால் எனக்கும் ஒரு கடிதம் போடுங்கள். நேர்முகப் பரீட்சையில் என்ன கேட்டார்கள் என்று அறிய ஆசை.

(கடைசி வரியில் நான் எழுதியது "நேர்காணலில்". ஒப்புநோக்குநர் கைவைத்துவிட்டார். – ஆசிரியர்)